கண்ணாடி கழுவிய தரை

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலை ஜெயித்தவன். அது போகிற போக்கில் சூம்பவைத்துவிட்டுப் போன இடது காலை ஜெயித்து, ஐந்து வயதில் சுவரைப் பிடித்து எழுந்து, ஆறு வயதில் சுவரை விட்டு நடந்தவன். "இவனைத் தூக்கி உட்கார வைக்கவே ஒரு ஆள் வேணும்" என்று திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடத்தின் முன்னால் அழாமல் திரும்பியவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, "இனிமே அக்கா தலையிலதான்" என்று உச்சுக்கொட்டியவர்கள் வாயை அடைக்க, விளக்குமாற்றைக் கையில் எடுத்தவன். பல வருடம் தினக்கூலியாய் நின்று நிரந்தர வேலைக்கான அட்டையைக் கழுத்தில் மாட்டியவன். தொழிற்சாலையின் 'சுத்தமான பிரிவு' கேடயத்தை மூன்று வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். இத்தனையையும் ஜெயித்தவன் அன்றும் வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து, கால்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து, ஒரு தகர டப்பாவுக்குள் உதறிக்கொண்டிருந்தான்.

டப்பாவில் டிக் டிக் என்று விழுந்தவை குருணைகள். வாளி, நாற்காலி செய்கிறவர்களுக்காகப் பிளாஸ்டிக்கை உருக்கி, கேட்ட நிறத்தைக் கலந்து, பருப்பளவு மணிகளாக வெட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை அவனுடையது. அந்த மணிகளைத்தான் அங்கே குருணை என்பார்கள். மடிப்பில், சட்டைப்பையில், காலணியில், சில நாள் காதில்கூட ஒன்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஒருமுறை அக்காவின் தையல் மெஷினுக்குள் போய், அவசரத் துணி ஒன்றைப் பாழாக்கியது.

"உன் ஃபேக்டரியை ஃபேக்டரியிலயே விட்டுட்டு வாயேன்டா."

"நான் விட்டுட்டுதான் வரேன். அதுதான் என்னை விட மாட்டேங்குது."

அக்கா எட்டாவது வரை படித்தவள். பழைய துணி சரிசெய்து கொடுக்கிற தையல்காரி. தைத்த தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். அவளுக்கே சில சமயம் தம்பியின் சுத்தம் மூச்சுமுட்டும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஜன்னலைத் தன் கைக்குட்டையால் துடைப்பான். டீக்கடையில் அடுத்தவர் மேஜையிலும் ஈரம் இருக்கக் கூடாது அவனுக்கு. துக்கம் கேட்கப் போன வீட்டில், கோணலாய்க் கிடந்த நாற்காலிகளை வரிசைப்படுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தான். செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் அவன் பெயர் கண்ணாடி. ஒருநாள் சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர், அவன் கழுவிய தரையில் குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொண்டாராம். அன்றைக்கு வைத்த பெயர். புதிதாக வருகிறவர்கள் அவன் மூக்கின் மேல் கண்ணாடியைத் தேடிவிட்டு ஏமாறுவார்கள்.

அவன் தரை கழுவுவதைப் பற்றி அக்கா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வேலை முடிந்து மெஷின்கள் ஓய்ந்த பிறகு, வாசலுக்கு எதிர்மூலையில் போய் நிற்பான். ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீரை விசிறியாக அடிப்பான். நல்ல காலை ஊன்றி, சூம்பிய காலை இழுத்து, பின்னோக்கியே நகர்ந்து வருவான். கழுவிய இடத்தில் அவன் காலடி விழாது. சிந்திய குருணையெல்லாம் ஆட்டுமந்தை போலத் தண்ணீருக்கு முன்னால் ஓடி, வாசலோரத்துச் சாக்கடைக் கம்பிக்குள் இறங்கிவிடும். அடம்பிடித்து நிற்கும் கடைசி ஒன்றை விரல்நுனியால் தட்டிவிடுவான். "அப்புறம் தரையில சோறு போட்டுத் தின்னலாம்" என்பாள் அக்கா, தானே தின்றுவிட்டு வந்தவள் போல.

மூன்றாவது கேடயம் வந்த கதை தனி. கலவைக்காரர் கண் அசந்த ஒரு நாள், மஞ்சளோடு பழுப்பைக் கொட்டிவிட்டார். கடுகும் இல்லாமல் துருவும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. கேட்டவர்கள் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். தொழிலாளிகள் அதற்குக் 'காமாலை' என்று பெயர் வைத்தார்கள். பின்கட்டில் அடுக்கிவைத்த காமாலை மூட்டைகளைச் சரக்குவண்டி இடித்துக் கிழித்ததில், குருணை முழங்கால் ஆழத்துக்குக் கொட்டிக் கிடந்தது. மறுநாள் காலை முதலாளியின் விருந்தாளிகள் சுற்றிப்பார்க்க வருவதாக இருந்தது.

"கண்ணாடி, ஒரு மணி கண்ணுல படக் கூடாது" என்றார் சூப்பர்வைசர்.

படவில்லை. மழை ஒரு பக்கம் கொட்ட, கண்ணாடி ஒரு பக்கம் அடிக்க, அத்தனையும் சாக்கடைக்குள் போனது. கேடயத்துக்கு அக்கா வெல்வெட் துணியில் உறை தைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் தொழிற்சாலை வாசலில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையைச் சுத்தம் செய்யத் தொண்டர்கள் தேவை, வேன் உண்டு, கையுறையும் மழைக்கோட்டும் கம்பெனி தரும் என்று யாரோ வாசித்துச் சொன்னார்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை நினைத்து நழுவினார்கள். "சுத்தம் பண்றதுக்கு நான் இல்லாமலா?" என்று முதல் ஆளாய்க் கையைத் தூக்கினான் கண்ணாடி. மணலில் அவன் கால் புதையும், பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும் என்று அக்காவும் கிளம்பினாள்.

விடிந்ததிலிருந்து மழை. கடலும் வானமும் ஒரே அழுக்குத் துணி. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வரியில் செருப்பு, பாட்டில், அறுந்த வலை, பொம்மைக் கை. நாற்றம் மழையிலும் அடங்கவில்லை. கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்தான் அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். ஒல்லியான உடம்பு, தொண்டை கட்டிப்போன குரல். ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்து அனுப்பிக்கொண்டு வந்தவள், அசையாமல் நின்ற கண்ணாடியிடம் வந்தாள்.

"என்னண்ணே, நின்னுட்டீங்க?"

"மூலை எதுன்னு பாக்குறேம்மா."

"மூலையா?"

"மூலையில ஆரம்பிச்சாத்தானே வாசலுக்கு வர முடியும். இதுக்கு மூலையே காணமே. மூலை இல்லாத இடத்தை எப்படிப் பெருக்குறது?"

அவள் சிரித்துவிட்டு, குதிகாலால் மணலில் ஒரு சதுரம் போட்டாள். "இது உங்களுது. நாலு மூலை இருக்கு, எண்ணிக்குங்க." பிறகு ஒரு வாளித் தண்ணீரையும் சல்லடையையும் கொண்டுவந்து வைத்தாள். "பெரிய குப்பையை எல்லாரும் எடுத்துடுவாங்க. எனக்குப் பொடிசுதான் வேணும். மேல்மணலை அள்ளி வாளியில போட்டுக் கலக்குங்க. மணல் முங்கிடும், பிளாஸ்டிக் மிதக்கும். மிதக்கறதை அள்ளிடுங்க."

இப்படி ஒரு வேலை கண்ணாடிக்குக் கிடைத்தால் விடுவானா? அக்கா மணலை அள்ளிப்போட, அவன் கலக்கி, நிதானித்து, அள்ளினான். கழுத்து வழியாக மழை இறங்கியது. வெள்ளையும் நீலமும் கறுப்புமாக மணிகள் மிதந்தன. "அட, குருணை! இதுங்க எங்க வந்துச்சுங்க?" என்று சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்தவன் போலச் சிரித்தான். மூன்றாவது வாளியிலோ நான்காவதிலோ அவன் கை நின்றது.

"என்னடா, குளிருதா?"

அவன் உள்ளங்கையை நீட்டினான். கடுகும் இல்லை, துருவும் இல்லை. அவன் மடிப்பிலிருந்து சிதறி, வாசலில் அக்காவே பெருக்கித் தள்ளிய நிறம். அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூடுடா கையை" என்றாள்.

அவன் மூடினான். ஆனால் வாளியில் அது மிதந்துகொண்டிருந்தது. அடுத்த வாளியிலும் மிதந்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் தார்ப்பாய்க் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு கடல் பறவை கிடந்தது. அலகு திறந்திருந்தது. நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சின்னக் கத்தரியால் வயிற்றைத் திறந்தாள். துணியை வெட்டுகிற கை அக்காவுடையது. கத்தரி போன வழியில் அவள் கண்ணும் போனது. இரைப்பைக்குள் மணிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன, ஒரு கைப்பிடி இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் காமாலை.

"பட்டினியில செத்திருக்கு. ஆனா வயிறு நிறைஞ்சிருக்கு" என்றாள் அந்தப் பெண். "மீன் முட்டைன்னு நினைச்சு முழுங்கிடும். வயிறு ரொம்பிடுச்சுன்னு உடம்பு நம்பிடும், பசிக்காது. குஞ்சுக்கும் இதையேதான் கொண்டுபோய் ஊட்டும். கடல்ல கலந்திருக்கிற விஷம் எல்லாம் இதுமேல ஒட்டிக்கும். வெயில்ல உடையும், பொடியாகும், ஆனா அழியாது. நாம இன்னிக்குப் பொறுக்குனது கடல்ல கிடக்கறதுல ஒரு ஓரம்கூட இல்ல. பொறுக்கறது கடைசி வேலைங்க. முதல் வேலை கொட்டாம இருக்கறது."

"எங்கேருந்து வருது இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கப்பல்ல இருந்து விழுந்திருக்கலாம். ஏதாவது ஃபேக்டரியில இருந்து வந்திருக்கலாம். யாராவது சொன்னாத்தான் தெரியும்."

"கப்பலாத்தான் இருக்கும் மேடம்" என்றார் கூட வந்திருந்த சூப்பர்வைசர், போட்டோ எடுத்துக்கொண்டிருந்த போனைத் தாழ்த்தாமலே. "நம்ம பக்கம் எல்லாம் சுத்தபத்தம். எங்க ஃபேக்டரி தரையில முகம் பாக்கலாம். இதோ, கண்ணாடி! இவன்தான் அதுக்குச் சாட்சி" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கண்ணாடி வாயைத் திறந்தான். அக்கா அவன் முழங்கைக்கு மேலே பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். வேன் வீடு வந்து சேரும்வரை திறக்கவில்லை.

ராச்சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தவன் தட்டைத் தொடவில்லை.

"அக்கா, நான் கழுவுற தண்ணி எங்க போவுது?"

"சாக்கடைக் குழிக்குப் போவுது."

"குழி எங்க போவுது?"

"எனக்கென்னடா தெரியும்? வாய்க்காலுக்குப் போவும்."

"வாய்க்கால்?"

அக்கா அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். அந்த வாய்க்காலின் மேல்தான் மார்க்கெட்டுக்குப் போகிற பாலம். கடல் நீர் ஏறும்போது அது உப்பு வாடை அடிப்பது அவளுக்குத் தெரியும்.

"தின்னு. நீயா கொட்டுன? சொன்னாங்க, செஞ்ச."

"சொன்னாங்கதான். ஆனா குழாயை நான்தானே பிடிச்சேன்."

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய வலைத்துணி ஒரு முழம் கேட்டான். எதற்கு என்று கேட்காமல் அக்கா கிழித்துக் கொடுத்தாள். மாலையில் வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்து, முட்டிவரை நனைந்து வந்தான். நடந்ததைச் சூப்பர்வைசர் போலவே மூக்கால் பேசிக் காட்டினான். முதலில் குழாயைத் தொடாமல் விளக்குமாற்றால் பெருக்கி, குருணையை மூட்டையில் அள்ளியிருக்கிறான். மிச்சத்தைக் கழுவுவதற்காகச் சாக்கடைக் கம்பிமேல் வலையைக் கட்டியிருக்கிறான். வலையில் குருணை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி, அடுக்கியிருந்த மூட்டைகளின் அடியெல்லாம் நனைந்துவிட்டது.

"'என்னடா இது, கொசுவலை கட்டித் தூங்கப் போறியா?'ன்னாரு. கடலுக்குப் போவுது சார்னேன். 'போனா என்ன, கடலுக்குத் தாகமா?'ன்னாரு. வலையைப் பிச்சுப் போட்டுட்டாரு. அந்தக் காமாலையும் நம்மளுதுதான் சார்னேன்."

"அதைச் சொன்னியா?"

"சொன்னேன். கதவைச் சாத்திட்டு வந்தாருக்கா. மூக்கால பேசல. மெதுவாப் பேசுனாரு. 'கழுவுனது யாரு? நீ. நான் சொன்னேன்னு எங்க எழுதியிருக்கு? இது வெளிய வந்துச்சுன்னா உன் தலையிலதான் விடியும். அட்டையைக் கழட்டி வெச்சுட்டு கேட்டுக்கு வெளிய நிக்கணும்'னாரு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றாள் அக்கா. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்த அட்டை அது. அவன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவது தினமும் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் கழுவினான். சொன்னபடி கழுவினான். வீட்டுக்கு வந்தால் கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில், சொல்லாமல் கிளம்பிப் போனான். திரும்பி வந்தவன் கால் வீங்கியிருந்தது. எங்கே போனாய் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தான்.

மறுநாள் அந்தக் கடல் ஆராய்ச்சிப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றாள். அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். கடைசி ஊசியைக் குத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு ஒரு பறவை போச்சு. எங்களுக்கு அடுப்பே போவும். அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்க வந்தீங்க?"

"நான் கேக்க வரலைக்கா. அவர்தான் நேத்து நடந்தே வந்து சொல்லிட்டுப் போனார். அதை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல வாக்குமூலமாக் கொடுத்தா என்ன ஆகும்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வேலை போகும். கழுவினவர்னு அவர் மேலயே கேஸ் வந்தாலும் வரும். நான் கூட நிப்பேன். ஆனா நிக்கறதால வேலை திரும்பக் கிடைக்காது."

பொய் சொல்லி மயக்க வந்தவளை விரட்ட அக்கா பத்துப் பதில் தயாராய் வைத்திருந்தாள். ஆனால் வந்தவள் சொன்னது உண்மை. மெஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னொண்ணு" என்றாள் அந்தப் பெண், கண்ணாடியைப் பார்க்காமல். "அவர் கைநாட்டு வெப்பார்னு சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை மிரட்டி வாங்கிட்டாங்கன்னு கம்பெனி வக்கீல் ஒரே வார்த்தையில தூக்கிப் போட்டுடுவார். தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டா கொஞ்சம் நிக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.



"கேட்டியா?" என்றாள் அக்கா. "நாளைக்குக் கதவைச் சாத்துனா எங்கடா போவ? இந்தக் காலை வெச்சுக்கிட்டு?"

"தெரியல."

"ஷீல்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிடுவாங்க."

"வாங்கிட்டுப் போகட்டும். துடைக்கிற வேலை மிச்சம்." அவனுக்கே சிரிப்பு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இத்தனை வருஷமா நான் சுத்தமே பண்ணலக்கா. இங்க இருந்ததை அங்க தள்ளி வெச்சிருக்கேன். அவ்வளவுதான். எல்லாரும் கைதட்டுனாங்க, நானும் நம்பிட்டேன்."

அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. காய்ச்சலில் அவன் அழுத அழுகை இன்னும் அவள் காதில் இருக்கிறது. இந்தக் குரல் அதில் இல்லை. இது பெரிய மனுஷன் குரல்.  அக்கா எழுந்து போனாள். கறுப்பு லைனிங் துணியை மேஜைமேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து ஊசி குத்தினாள். அளவு குறிக்கிற சுண்ணாம்புக் கட்டியை அவன் கையில் வைத்தாள்.

"இங்க வா. குழாயைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதே. லேசாப் பிடி."

அவன் பெயர் நான்கு எழுத்து. முதலிரண்டும் சீக்கிரம் வசப்பட்டன. மூன்றாவதின் சுழிதான் பாடாய்ப் படுத்தியது. வளைத்துக் கொண்டுவந்து மேலே ஏற்றும் இடத்தில் கட்டி உடைந்துவிடும். "என்னக்கா, எனக்கு இவ்வளவு கஷ்டமான பேரா வெச்சாங்க?" என்றான். "நாலு பிள்ளைக்கு வெச்சுப் பழகுனவங்களா அவங்க? வாயை மூடிட்டு வளை" என்றாள். தப்பினால் உடனே தட்டி அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பழகேன் என்றால் கேட்கவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன்பும், வந்த பிறகும் இதே வேலை. சூப்பர்வைசர் காதுக்கு ஏதோ எட்டியிருக்க வேண்டும். வியாழக்கிழமையே கண்ணாடியைக் கேட்டில் நிறுத்தி, அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கழுத்தோடு வந்தவனை அக்கா மேஜைக்குக் கூப்பிட்டாள். லைனிங் துணியைத் தட்டி விரித்தாள்.

வெள்ளிக்கிழமை, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. அதிகாரி வாக்குமூலத்தை உரக்க வாசித்தார். சாக்கடையும் வாய்க்காலும் வந்தன. காமாலை மூட்டைகள் வந்தன. சூப்பர்வைசர் சொன்னது வந்தது. கடைசி வரி வந்தது: "தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கொட்டிக் கிடந்தது அனைத்தையும் சாக்கடையில் தள்ளியது நான்."

அதிகாரி தலையைத் தூக்கினார். "இதுல உங்களையும் சேர்த்துதான் எழுதியிருக்கு. புரியுதா?"

"நான்தானே சார் கழுவுனேன்."

அவன் கைகளைப் பார்த்துவிட்டு, அதிகாரி மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார். கண்ணாடி அதன் மூடியைச் சாத்தி, மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினான். பேனாவைக் கேட்டு வாங்கினான். லேசாகப் பிடித்தான். நாக்கின் நுனியைப் பல்லிடையே வைத்துக்கொண்டு முதல் எழுத்தை எழுதினான், இரண்டாவதை எழுதினான். மூன்றாவதின் சுழியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது நான்கும் இருந்தன, வரியை விட்டுக் கொஞ்சம் இறங்கி, ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"தேதி?" என்றார் அதிகாரி.

மூட்டைகளின் மேல் பார்த்துப் பார்த்து எண்கள் அவனுக்குப் பழக்கம். யாரையும் கேட்காமல் அதையும் அவனே போட்டான்: 29.11.2024.